இதய முத்திரைக்கு அடியில்

மூடிக் குவளை திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. மெருகு ஏற்றி, கம்பளித் துணியில் சுற்றி, கடை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். திருமதி ஆல்மி தன் மகள் கல்யாணத்துக்காகச் சொல்லிவைத்த குவளை அது. சனிக்கிழமை காலை வந்து வாங்கிக்கொள்வார். அதற்குள் அதன் அடியில் முத்திரை அடிக்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

யாருடைய முத்திரையை அடிப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டை முடிந்த வருடம் என் கணவர் ஜபெஸ் வின்ச்சல் காய்ச்சலில் போய்விட்டார். அமெரிக்கக் கரையோர நியூபோர்ட்டில், தேம்ஸ் தெருவில், படகுத்துறைக்கு இறங்கும் சந்தின் முனையில் எங்கள் வெள்ளிப் பட்டறை. அதை மூடிவிடச் சொன்னார்கள். நான் மூடவில்லை. பாஸ்டனிலிருந்து எனோஸ் தர்லோ என்பவரைக் கூலிக்கு வரவழைத்தேன். ஊரார் பழைய ஸ்பானிய நாணயங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் அவற்றை உருக்கிக் கரண்டியாகவும் கிண்ணமாகவும் ஆக்குவார். முடிந்ததும் நான் ஜபெஸின் முத்திரை உளியை எடுத்து அடியில் ஒரு போடு போடுவேன். இதய வடிவத்துக்குள் அவர் பெயரின் இரண்டு எழுத்துகள். செத்துப்போனவர் எப்படிக் கரண்டி செய்தார் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் விதவைகள் கடை நடத்துவது அப்படித்தான்.

திங்கட்கிழமை குவளையை என் கையில் கொடுத்துவிட்டு எனோஸ் போகாமல் நின்றார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார்.

நான் குவளையைக் கீழே போடாமல் இருந்ததே பெரிய விஷயம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்று இடுப்புச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எஃகு உளியை எடுத்தார். அவரே வெட்டிய முத்திரை. அலங்காரம் எதுவுமில்லாத ஒரு கட்டம், அதற்குள் அவருடைய இரண்டு எழுத்துகள். "ரொம்ப வருஷமா பையிலேயே கிடக்கு. ஒரு தடவைகூட வெள்ளியில பட்டதில்ல. இந்தக் குவளைதான் நான் செஞ்சதுலயே நல்லது. இதுல ஆரம்பிக்கணும்னு ஆசை. உங்களுக்கு மனசு வரலேன்னா தப்பில்ல. பிராவிடன்ஸ்ல ஒரு பட்டறையில கூப்பிடறாங்க, ஞாயித்துக்கிழமை கழிச்சுப் படகு ஏறிடறேன். மிரட்டறேன்னு நினைக்காதீங்க."

"மிரட்டற மாதிரிதான் இருக்கு, மிஸ்டர் தர்லோ."

"என் குரலே அப்படி" என்றார் பாவமாக.

அன்றிலிருந்து அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மிஸஸ் வின்ச்சல்' என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை, 'பெர்சிஸ்' என்று கூப்பிடவோ உரிமை இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் உலைப் பக்கம் திரும்பி இருமுவார். நானும் இருமலுக்கு 'என்ன?' என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

எனக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை. காலையில் அவர் துருத்தி மிதிக்கும் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். பிரச்சினை ஒரு கிண்ணம்.

எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். ஒருவர் கயிறு திரிப்பவர். நல்லவர், வசதியானவர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். இன்னொருவர் ஜபெஸ். ஜபெஸ் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்து, கோட்டுக்குள்ளிருந்து ஒரு காதுக் கிண்ணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பூ வேலைப்பாடாகத் துளையிட்டு, பிடித்துக்கொள்ள ஒற்றைக் காது வைத்த வெள்ளிக் கிண்ணம். அதைத் தலைகீழாகத் திருப்பி, இதய முத்திரையை விரலால் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான். கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பு வெங்காயத் தோல்போல மெல்லிசு. எங்கேயும் ஒரு சுத்தித் தழும்பு இல்லை. வெள்ளியை இவ்வளவு நோகாமல் தட்டத் தெரிந்த கைக்கு என்னையும் நோகாமல் வைத்துக்கொள்ளத் தெரியும் என்று அன்றைக்கு என் மனதில் விழுந்தது. கயிற்றுக்காரருக்கு அப்பா மூலம் மன்னிப்புச் சொல்லி அனுப்பினோம்.

இன்றும் தினமும் காலையில் அந்தக் கிண்ணத்தில்தான் சோளக்கூழ் குடிக்கிறேன். இதய முத்திரையை எடுத்து ஓரமாக வைப்பதென்றால், அந்தக் கையைப் பார்த்து 'நீ போகலாம்' என்று சொல்வதுபோல இருந்தது. வைக்காவிட்டால் எனோஸ் போய்விடுவார். செவ்வாய்க்கிழமை முழுக்க இப்படியே போயிற்று. தலைக்குப் போடும் துணித் தொப்பியை மாவுப் பானைக்குள் வைத்துவிட்டு வீடு முழுவதும் தேடினேன்.

புதன்கிழமை திருமதி ஆல்மி கடைக்குள் வந்தார். கப்பல் தலைவரின் மனைவி. தெருவுக்கே கேட்கும் குரல்.

"குவளையைக் காட்ட வேணாம், சனிக்கிழமை பாத்துக்கறேன். இதைக் கொஞ்சம் பாருங்க. காது பிஞ்சு தொங்குது. என் கடைக்குட்டிக்குப் பல்லு முளைக்குது, கையில கிடைச்சதெல்லாம் கடிக்கிறான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வருவாங்க. ஆல்மி வீட்டுல ஓட்டைக் கிண்ணம்தான் இருக்குன்னு சிரிக்கறதுக்குள்ள ஒட்டிக் குடுங்க."

அதுவும் ஒரு காதுக் கிண்ணம். அடியில் ஜபெஸின் இதயம். என் கிண்ணத்தோடு கூடப்பிறந்ததுபோல இருந்தது. அவர் போனதும் பட்டறைக்குக் கொண்டுபோய் எனோஸிடம் கொடுத்தேன். காதை அசைத்துப் பார்த்தார், உள்ளே பார்த்தார், அடியைத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாததை இவ்வளவு நேரம் யாரும் பார்க்கமாட்டார்கள். நான் அவர் தோளருகே போய் எட்டிப் பார்த்தேன். இதயத்தின் மேல்பக்கம் இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்குமே, அந்தப் பள்ளத்தில் மெல்லியதாக ஒரு வளைவு தெரிந்தது. இதயத்தின் கீழ் முனையை ஒட்டியும் அதே மாதிரி ஒரு வளைவு.

"முத்திரை ரெண்டு தடவை விழுந்துடுச்சா?"

"ரெண்டு தடவை விழுந்தா ரெண்டு இதயம்தானே தெரியணும்" என்றவர், சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப இது என்ன?"

இருமினார். இருமல் பதிலாகாது என்று நான் நகராமல் நின்றேன்.

"முட்டை மாதிரி ஒரு முத்திரை இருந்திருக்கு. அதுக்கு மேல இதயத்தை அடிச்சிருக்காங்க. பாஸ்டன்ல நான் வேலை பாத்த பட்டறையோடது முட்டை முத்திரைதான். அங்க செஞ்ச கிண்ணங்களை வெளியூர்க் கடைக்காரங்க மொத்தமா வாங்கிட்டுப் போவாங்க. வாங்கிட்டுப் போய் அவங்கவங்க முத்திரையை மேல அடிச்சுக்குவாங்க."

நான் மாடிக்கு ஓடினேன். என் கிண்ணத்தில் காலையில் குடித்த கூழ் ஓரமாகக் காய்ந்திருந்தது. கழுவக்கூடத் தோன்றவில்லை. திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன்.

பள்ளத்தில் வளைவு இருந்தது. இத்தனை வருடம் தினமும் கையில் எடுத்திருக்கிறேன். ஆனால் கிண்ணத்தின் அடியை யார் பார்க்கிறார்கள்? கூழைத்தான் பார்க்கிறோம்.

கிண்ணத்தை இடுப்பில் கட்டியிருந்த மேல்துணிக்குள் மறைத்துக்கொண்டு நாத்தனார் தபிதாவிடம் போனேன். ஜபெஸின் அக்கா. எங்கள் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி ஊசி, நூல், ரிப்பன் விற்கிறார். அவரிடம் துக்கம் சொல்லப் போனால் திட்டுத்தான் கிடைக்கும், ஆனால் பொய் கிடைக்காது.

"ஆமா, வாங்கினதுதான்" என்றார் தபிதா, ரிப்பனை முழம் போட்டுக்கொண்டே. "கிண்ணத்துக் காதை வார்க்க அச்சு வேணும். அவன்கிட்ட ஏது? கரண்டி, கொக்கி, ஷூ பக்கிள், இதெல்லாம் அவனே செய்வான். கிண்ணம் பாஸ்டன்ல இருந்து வரும். இதுக்குப் போயா தலைவிரி கோலமா ஓடி வந்தே?"

"அக்கா, நான் அந்தக் கிண்ணத்தைப் பாத்துத்தான் அவரைக் கட்டிக்கிட்டேன்."

"யாரு அப்படிக் கட்டிக்கச் சொன்னா? ரொட்டி விக்கறவன் கோதுமையை அவனேவா விதைக்கிறான்?"

"ஆனா முத்திரை அவரோடதாச்சே!"

"இதென்னடி லண்டனா, அரசாங்கத்து ஆள் வந்து உரசிப் பாத்து முத்திரை வைக்கறதுக்கு? நம்ம ஊருல முத்திரைன்னா, காது பிஞ்சுபோனா யார் வாசல்ல போய்க் கத்தறதுன்னு சொல்றது. அவ்வளவுதான். ஜபெஸ் காசு குடுத்து வாங்கினான், தன் பேரை அடிச்சான், கத்த வந்தவங்களுக்கெல்லாம் பதில் சொன்னான். நானே செஞ்சேன்னு உங்கிட்டச் சொன்னானா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. திருப்பிக் காட்டினார். மீதியை எல்லாம் நானேதான் சொல்லிக்கொண்டேன். ஆனால், நான் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் பேசாமல் இருந்தாரா? இல்லை, ஒரு கிண்ணத்தில் இவ்வளவு இருக்கிறது என்று அந்த மனுஷருக்குத் தோன்றவே இல்லையா? இனி யாரைக் கேட்பது?

தபிதா ரிப்பனை வெட்டினார். "இதை யார் கண்டுபிடிச்சது? அந்தப் பாஸ்டன்காரனா?"

"ம்."

"நினைச்சேன். சமயம் பாத்துக் கண்டுபிடிச்சிருக்கான் பாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல 'உங்க கிண்ணத்தைச் செஞ்சதே நான்தான்'னு சொல்லுவான். எழுதி வச்சுக்கோ. நீயும் 'ஐயோ, அந்தக் கை இந்தக் கைதானா'ன்னு உருகிப்போய் என் தம்பி பேரைத் தூக்கிக் குப்பையில போட்டுருவே."

திரும்பி வரும்போது எங்கள் வாசலைத் தாண்டிப் படகுத்துறை வரைக்கும் போய்விட்டேன். அங்கே ஒரு மீன்காரி "என்னம்மா வேணும்?" என்று கேட்டதற்குப் பதில் தெரியாமல், வேண்டாத கிளிஞ்சல்களை ஒரு கூடை வாங்கிக்கொண்டு வந்தேன்.

தபிதா சொன்னது மனதில் முள்ளாகக் குத்தியது. ஏனென்றால் அதே நினைப்பு எனக்கும் வந்துவிட்டிருந்தது. எனோஸ்தான் செய்தார் என்றால், நான் அன்று ஆசைப்பட்ட கை இப்போது கீழே உலையடியில் இருக்கிறது. நேர்ந்ததெல்லாம் சரியாகிவிடும். ஆனால் அப்படியென்றால் ஜபெஸோடு வாழ்ந்த வாழ்க்கை என்ன? காய்ச்சலிலும் என் கை சுடக்கூடாதென்று போர்வைக்கு மேலே தன் கையை வைத்துக்கொண்டவரும் அவர்தானே? அதற்கு எந்த முத்திரை? எனோஸ் 'ஆமாம்' என்று சொன்னால் நான் நம்புவேனா, நம்பமாட்டேனா? 'இல்லை' என்று சொன்னால் எனக்கு ஏன் ஏமாற்றமாக இருக்க வேண்டும்? ஒரு நிமிடம் ஜபெஸ்மேல் கோபம் வந்தது. அடுத்த நிமிடம் எனோஸ்மேல். கிளிஞ்சலைக் கழுவும்போது அந்தக் கயிற்றுக்காரர்மேல்கூட வந்தது. அவராவது இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளிஞ்சல் சூப்பும் சோள அடையும் வைத்தேன். எனோஸ் இரண்டு வாய் சாப்பிட்டு நிறுத்தினார். பிறகு தொடர்ந்து சாப்பிட்டார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

நான் வாயில் வைத்தேன். "கடவுளே! உப்புக்குப் பதிலா கரும்புப் பாகை ஊத்தியிருக்கேன்."

"அதான் பாத்தேன்" என்றார். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டிருந்தார்.

இனியும் பொறுக்க முடியவில்லை. என் காதுக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். "இதுவும் அதே மாதிரிதான். இதை நீங்க செஞ்சீங்களா?"

அவர் அதை எடுத்து வெகுநேரம் பார்த்தார். காதின் ஓட்டைகளுக்குள் அரம் போட்ட இடத்தை நகத்தால் தடவினார். விளிம்பைச் சுண்டினார். என் இதயம் அடித்த அடியில் எத்தனை கரண்டிக்கு முத்திரை போட்டிருக்கலாமோ தெரியவில்லை.

"தெரியல" என்றார்.

"தெரியலன்னா?"

"அந்தப் பட்டறையில ஒரு மேஜை நிறைய ஆட்கள். ஒருத்தன் தகடு தட்டுவான், ஒருத்தன் காது வார்ப்பான், ஒருத்தன் பத்தவைப்பான். அரம் போன விதம் என்னோடது மாதிரிதான் இருக்கு. ஆனா நாங்க எல்லாரும் ஒரே ஆள்கிட்ட அடி வாங்கிக் கத்துக்கிட்டவங்க. எல்லார் அரமும் இப்படித்தான் போகும்."

"அப்ப நீங்க இல்லையா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்த முட்டை எங்க பட்டறையோடதுதான்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. முட்டை முத்திரை வச்சவங்க பாஸ்டன்லயே நிறையப் பேர்."

எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்குத்தானே நல்லது?"

"இன்னிக்கு நல்லதுதான்" என்றார். "அப்புறம் நீங்க தினமும் காலையில இதுல கூழ் குடிப்பீங்க. நான் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணுமே."

"அப்ப உங்களுக்கு என்னதான் தெரியும்?"

"அலமாரியில இருக்கற குவளையை நான் செஞ்சேன். அது தெரியும்."

சொல்லிவிட்டு எழுந்து போய், ஆல்மி வீட்டுக் கிண்ணத்தின் காதைப் பற்றவைக்க உட்கார்ந்துவிட்டார். துருத்திச் சத்தம் கேட்டது. நான் பாகு ஊற்றிய சூப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கேள்வி கேட்டு வாங்கிவந்த பதிலில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் கை நிறைய ஏதோ இருந்தது. அது என்னவென்று புரியவில்லை.

வெள்ளிக்கிழமை பிராவிடன்ஸ் படகுக்காரர் கடைக்கு வந்து, "தர்லோவோட பெட்டிக்கு இடம் வைக்கணுமா, வேணாமா?" என்று கேட்டார். எனோஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "நாளைக்குச் சொல்றேன்" என்று அவரை அனுப்பிவிட்டார் எனோஸ்.

சனிக்கிழமை காலை, கடை திறக்கும் முன்னால், குவளையைத் துணி பிரித்து எடுத்தேன். ஜபெஸின் உளியையும் எடுத்துக்கொண்டேன். பழகின வேலையைச் செய்துவிடுவோம், மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் அப்போது தோன்றியது. கரண்டி என்றால் நான் தனியாகவே அடித்துவிடுவேன். குவளைக்கு இரண்டு பேர் வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே இரும்புத் தண்டு தாங்க, ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் ஒரே அடியில் அடிக்க வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் முத்திரை இரண்டாகத் தெரியும். அதை அழிக்கவே முடியாது.

உலைப் பக்கம் பார்த்து இருமினேன்.

"என்ன?" என்று வந்தார் எனோஸ். என் கையிலிருந்த இதய உளியைப் பார்த்தார். குவளையைத் தண்டின்மேல் கவிழ்த்தார். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார். நெஞ்சைக் கொண்டு அதன்மேல் சாய்ந்துகொண்டார். "ஆடாது. அடிங்க."

உளியை வைத்தேன். சுத்தியை ஓங்கினேன். அவர் கைகளைப் பார்த்தேன். தான் செய்ததிலேயே நல்ல பொருளில் வேறொருவர் பெயர் விழப்போகிறது. அது விழுந்ததும் அவர் படகு ஏறப்போகிறார். அப்படியிருந்தும் அந்தப் பெயர் கோணலாகிவிடக்கூடாதென்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

சுத்தியை இறக்கினேன்.

"உங்க உளியைக் குடுங்க."

"நல்லா யோசிச்சீங்களா?"

"இல்ல. யோசிச்சு யோசிச்சுத்தான் சூப்புல பாகை ஊத்தினேன். சுத்தியை நீங்க எடுங்க, நான் பிடிச்சுக்கறேன்."

இடம் மாறினோம். குவளை சில்லென்று இருந்தது. அவர் பிடித்திருந்த இடம் மட்டும் சூடாக இருந்தது.

"ஆடக்கூடாது" என்றார்.

"தெரியும்."

"ஆடறீங்க."

"நான் இல்ல, உங்க உளிதான் ஆடுது. அடிங்க முதல்ல!"

அடித்தார். இருவரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் தலை முட்டிக்கொண்டது. கட்டம் தெளிவாக விழுந்திருந்தது, இரண்டு எழுத்தும் தெளிவாக இருந்தன. ஆனால் வலது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"கோணல்" என்றார், முகம் வெளுத்துப்போய்.

"கொஞ்சம்தான்."

"இத்தனை வருஷம் பையில வச்சிருந்து..."

"விடுங்க. மறுபடி அடிச்சா ரெண்டாத் தெரியும்."

அவர் இருமப்போனார். பிறகு இருமாமல், "பெர்சிஸ்" என்றார். சொல்லிப் பார்ப்பதுபோல மெதுவாக.

ஜபெஸின் உளியை மேஜை இழுப்பறையிலேயே வைத்தேன். அவர் செய்த கரண்டிகள் ஊரில் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஏதாவது திரும்பி வந்தால் எங்கள் வாசலுக்குத்தான் வரும்.

கடை திறந்ததும் முதலில் வந்தது தபிதா. குவளையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உதடு இறுகியது. "நான் சொல்லல? கிண்ணத்தைச் செஞ்சது நான்தான்னு சொன்னானா இல்லையா?"

"சொல்லலக்கா. தெரியலன்னு சொன்னார்."

"தெரியலயா?" தபிதா குவளையை மறுபடியும் திருப்பிப் பார்த்தார். "ஏன் அப்படிச் சொன்னான்? கெட்டிக்காரனா, இல்ல வெறும் முட்டாளா?"

"எனக்கும் புரியலக்கா."

"புரியாமலா கட்டிக்கப் போறே?"

"போன தடவை புரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன்னு நினைச்சேன்."

அவர் குவளையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். குடிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஆப்பிள் சைடர் ஊற்றிக் கொடுத்தேன்.

திருமதி ஆல்மி வந்தபோது வாசல் முழுவதும் அவர் பாவாடைதான். கிண்ணத்தில் ஒட்டிய காதை இழுத்துப் பார்த்தார். சரி என்றார். குவளையின் மூடியைத் திறந்து மூடினார். திறந்து மூடினார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு அடியைத் திருப்பினார்.

"இது யாரு? நான் வின்ச்சல் கடையிலதானே குடுத்தேன்?"

"இதைச் செஞ்சவரு, மேடம். நான் கட்டிக்கப் போறவரு."

உலைப் பக்கத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது.

"அதெல்லாம் இருக்கட்டும். சந்தோஷம்" என்றார் திருமதி ஆல்மி. "நாளைக்கு இந்தக் கைப்பிடி பிஞ்சுதுன்னா நான் யார்கிட்டப் போய்க் கத்தறது?"

"இங்கதான்" என்றேன். "இதே வாசல்தான்."

அவர் சற்று யோசித்தார். தபிதாவைப் பார்த்தார். தபிதா சைடரைக் குடித்துக்கொண்டே, வேறெங்கோ பார்த்தபடி, தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்பச் சரி" என்று குவளையைத் துணியில் சுற்றினார் திருமதி ஆல்மி. "கொஞ்சம் கோணலா இருக்கே?"

"ஆமா மேடம்" என்றேன். "நான் ஆடிட்டேன்."

"இல்ல, நான்தான்" என்றது உலைப் பக்கம்.